சுண்டைக்காய் நாட்டின் மணி

கடைத்தெருவில் அவனுக்குப் பசை என்று பெயர். கம்ப்யூட்டர் பிராசஸருக்கும் அதன் தலையில் உட்காரும் விசிறிக்கும் நடுவே, சூடு கடத்துவதற்காக ஒரு சாம்பல் நிறப் பசை தடவுவார்கள். அது அவன் விரலிடுக்கிலும் சட்டைக் காலரிலும் எப்போதும் ஒட்டியிருக்கும். கையில்தான் பசை, பையில் கிடையாது என்று கடை முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இருபது வருடமாக அதே கடையில், அதே மேஜையில் சிஸ்டம் அசெம்பிள் செய்கிறவன், இருபது வருடமாக அந்த நகைச்சுவைக்கும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனைப் பசை என்று கூப்பிடாதவள் அக்கா ஒருத்திதான். அவள் "டேய்" என்பாள். அவனுக்கு அது போதும்.

அக்கா வீடு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். அவள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறாள். ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் இரண்டு மணிக்கு இருவரும் அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு விளையாடினார்கள். ஒன்பது வருடமும் ஒரே ஆட்டம். திரையில் ஓர் உலக வரைபடம் விரியும். அக்காவுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. மற்ற நூற்றுச் சொச்சம் நாடுகளைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். ஆட்டம் 1200ஆம் ஆண்டில் தொடங்கி 1850இல் முடியும். நகரம் கட்டலாம், கப்பல் விடலாம், வரி போடலாம், படையெடுக்கலாம். தம்பி படையெடுப்பான். அக்கா துறைமுகம் கட்டுவாள்.

ஆட்டம் முடிகிறபோது ஒரு காரியம் நடக்கும். முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டுவரை எல்லைக் கோடுகள் எப்படியெல்லாம் நகர்ந்தன என்று முழு வரைபடத்தையும் ஐந்து நிமிடத்தில் ஓட்டிக் காட்டும். அக்கா காத்திருந்தது அதற்குத்தான். அடுத்தவர் நிலத்து எல்லையை வரைந்து வரைந்தே விரல் காய்த்துப் போனவள் அவள். தானும் தம்பியும் சேர்ந்து இழுத்த கோடுகளை ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் அவளிடம் வேறு ஆசை எதுவும் யாரும் கேட்டதில்லை.

ஆட்டத்தில் 1741ஆம் ஆண்டு நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கப்பல்களுக்கு நடுவே அவள் சொன்னாள்.

"டேய், கண் டாக்டர்கிட்ட போயிருந்தேன்."

"எதுக்கு? கண்ணாடி மாத்தவா?"

"ஊசில நூல் கோக்க முடியலடா. மாமாதான் கோத்துக் குடுக்கறாரு. சரி, காட்டிட்டு வரலாம்னு போனேன்." ஒரு கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். "நடுவுல இருந்து போகுமாம். எதைப் பாக்கறேனோ அது தெரியாது. ஓரத்துல கொஞ்சம் மிஞ்சுமாம். ரெண்டு கண்ணுமே."

"மருந்து?"

"இருக்கு. தள்ளிப்போடும், நிறுத்தாதாம். ஆறு மாசம்னாரு."

அலுவலகத்துக்கு லீவு எழுதுகிற குரலில்தான் சொன்னாள். "சரியாயிடும்க்கா" என்றான் தம்பி. அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"கடைசிப் படத்த மட்டும் பாத்துடணும்டா. மத்ததெல்லாம் பாத்தாச்சு."

அன்றைய ஆட்டம் முடிந்ததும் அவன் கணக்குப் போட்டான். ஆட்டம் தொடங்கிய காலத்தில் ஓர் ஆண்டு ஓட நான்கு நிமிடம் ஆகும். அப்போதெல்லாம் அவசரம் இல்லை, ஆண்டுக்கு ஆண்டு ஆட்டத்தை நிறுத்திவைத்து மணிக்கணக்கில் பேசித் தீர்ப்பார்கள். இப்போது உலகம் நிறைந்துவிட்டது. லட்சக்கணக்கான குடிகள், ஆயிரக்கணக்கான கப்பல்கள். ஓர் ஆண்டு நகர ஒரு மணி நேரம். அக்காவால் திரையை வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பார்க்க முடியாது, அலுவலக வேலையே மிச்சக் கண்ணைத் தின்றுவிடுகிறது. வாரம் மூன்று ஆண்டு. இருப்பதோ நூற்றுச் சொச்சம் ஆண்டு. ஆறு மாதத்தில் வருகிற ஞாயிறுகள் இருபத்தாறு. எப்படிப் போட்டாலும் உதைத்தது. அவள் நாட்டைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு அவனே தனியாக ஓட்டலாம்தான். ஆனால் கடைசியில் வருகிற படத்தில் இருப்பது அவள் கோடாக இருக்காது.

சிஸ்டத்தை மாற்றினால் தீர்ந்தது என்று முடிவு செய்தான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

இழுத்து மூடிய ஓர் அலுவலகத்திலிருந்து இரண்டு சர்வர் பிராசஸர்கள் கடைக்கு வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டு கோர், தனித்தனியாகக் கணக்குப் போடும் குட்டி மூளைகள். இவர்கள் வைத்திருந்ததில் எட்டுதான். முப்பத்திரண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சேமிப்பைத் துடைத்து எடுத்து, பழைய சிஸ்டம் இரண்டையும் கடைக்கே கொடுத்து, புதியதில் ஒன்றைத் தனக்கும் ஒன்றை அக்காவுக்கும் அசெம்பிள் செய்தான். பழையவை இரண்டும் மறுநாளே விலை போய்விட்டன.

அடுத்த ஞாயிறு ஓர் ஆண்டு ஓட ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று.

முதலில் நெட் கனெக்‌ஷனைத் திட்டினான். பிறகு சூடு என்றான். பசையைத் துடைத்துவிட்டுத் திரும்பத் தடவினான். இன்னொரு ஞாயிறும் போயிற்று. கடைசியில், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தான். ஆட்டம் ஓடும்போதே, எந்தக் கோர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தான். முப்பத்திரண்டு சின்னக் கட்டங்கள். முப்பத்தொன்றில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. ஒன்றே ஒன்றில் மட்டும் உச்சியைத் தொட்டுக்கொண்டு, இறங்கவே இறங்காமல் நின்றது.

அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை அது. அதுதான் கொடுமை. இந்த மாதிரி ஆட்டத்தில் ஒரு ராஜா என்ன செய்தான் என்று தெரிந்த பிறகுதான் பக்கத்து ராஜா யோசிக்க முடியும். ஒரு வியாபாரி விற்ற பிறகுதான் அடுத்தவன் விலை சொல்ல முடியும். எல்லாம் ஒரே வரிசை. முப்பத்திரண்டு பேரை உட்கார வைத்தாலும் ஓர் ஊசிக்காதில் ஒருத்தர்தான் நூல் கோர்க்க முடியும். அந்த ஒருத்தர் கை எவ்வளவு வேகம் என்பதுதான் பேச்சு. பழைய பிராசஸரில் ஆட்கள் குறைவு, ஆனால் ஒவ்வொருத்தர் கையும் மின்னல். இது ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்குச் சில்லறை வேலை பார்க்கப் பிறந்தது, தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆமை. கடைக்கு வருகிற வீடியோ எடிட்டர்களிடமும் கட்டட என்ஜினியர்களிடமும் "கோர் எவ்வளவோ வேகம் அவ்வளவு சார்" என்று இருபது வருடம் சொல்லிச் சொல்லி, அவர்களுக்கு அது சரி என்பதால், கடைசியில் தன் வாய்ப்பேச்சில் தானே மயங்கிவிட்டான். வேறு தொழில்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். ஒன்றும் தெரியாதவன் பழைய சிஸ்டத்திலேயே விளையாடியிருப்பான்.

முதலாளியிடம் கேட்டான். வேகமான சிப் வர மூன்று மாதம் ஆகும் என்றார். "வந்தா மட்டும்?" என்று அவனை ஏற இறங்கப் பார்த்தார். பையில் பசை இல்லாத நகைச்சுவையை அன்று அவர் சொல்லவில்லை. அதுவே அவனுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

சிஸ்டத்தை வேகமாக்க முடியாவிட்டால் உலகத்தை இலேசாக்கலாம். இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த குறுக்கு வழி அது. குடிகள் குறைந்தால் கணக்குக் குறையும், கணக்குக் குறைந்தால் ஆண்டு வேகமாக ஓடும். ஒரு நாட்டைப் பிடித்தால் குடிகள் கைமாறுவார்கள், அவ்வளவுதான், கொளுத்தினால்தான் குறைவார்கள். தம்பி 1745ஆம் ஆண்டு கொளுத்தத் தொடங்கினான். முதலில் தன் நாட்டின் கிழக்கு ஜில்லாக்கள். பிறகு மலைக்கு அந்தப் பக்கம் இருந்த நான்கு நாடுகள். படை போகும், ஊர் எரியும், திரையில் ஓர் எண் குறையும். அக்கா எதை உற்றுப் பார்க்கிறாளோ அது அவளுக்குத் தெரியாது என்பதை அவன் மறக்கவில்லை. அதை நம்பித்தான் செய்தான். சொல்லக் கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஓர் ஆண்டு ஐம்பது நிமிடமாயிற்று. பிறகு நாற்பது.

"பரவால்லடா! உன் புது சிஸ்டம் இப்பதான் சூடு பிடிக்குது போல" என்றாள் அக்கா. "மாமாகிட்ட சொன்னேன். என் தம்பி கைபட்டா எதுவும் ஓடும்னேன்."

"ஆமாக்கா" என்றான் அவன். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

அக்கா நாட்டுக்கு வடக்கே, கடலோரத்தில் ஒரு குட்டி நாடு இருந்தது. தம்பி அதைச் சுண்டைக்காய் நாடு என்பான். "ஒரு மத்தியானம் போதும்க்கா, ஊதித் தள்ளிடலாம்" என்று ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா விடவில்லை. படை அனுப்பிக் காவல் காத்தாள், பஞ்சத்தில் தானியம் அனுப்பினாள். ஐநூறு வருடம் சண்டையே பார்க்காத நாடு. உப்புக் காய்ச்சுவதும் பிள்ளை பெறுவதுமாக ஜனம் பெருகி வழிந்தது. அந்த நாட்டுக் கப்பல் உப்பேற்றிக்கொண்டு அக்காவின் துறைமுகத்துக்கு வரும்போதெல்லாம் ஆட்டத்தில் ஒரு மணி அடிக்கும். மற்ற நாட்டு மணிகளைவிட அது கொஞ்சம் மெல்லிய ஓசை.

சுண்டைக்காய் ஒன்று போனால் ஆண்டுக்குப் பதினைந்து நிமிடம் மிச்சம் என்று அவன் கணக்குச் சொன்னது. ஒரு ஞாயிறு முழுக்க அந்த எண்ணைத் தள்ளிவைத்தான். அடுத்த ஞாயிறு செய்துவிட்டான்.

அதற்குப் பிறகு உலகம் பறந்தது. ஓர் ஆண்டு இருபத்தைந்து நிமிடம். கொளுத்தத் தொடங்கி ஏழாவது ஞாயிறு ஆட்டம் 1783க்கு வந்துவிட்டது. இன்னும் பத்து ஞாயிறு போதும். டாக்டர் சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே கடைசிப் படம் வந்துவிடும். தம்பி வெகுநாளைக்குப் பிறகு அன்று நன்றாகச் சாப்பிட்டான்.

"டேய்" என்றாள் அக்கா போனில். "உப்புக் கப்பல் மணியே அடிக்கலையே."

"காத்து சரியில்லையா இருக்கும்."

"காத்து ரெண்டு வாரமாவா சரியில்ல?" மௌஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணின் ஓரத்தால் அவள் வரைபடத்தைத் துழாவுவது அவனுக்குப் போனிலேயே தெரிந்தது. "வடக்க ஒண்ணும் இல்லடா. சாம்பலா இருக்கு. என் கண்ணா, இல்ல படமே அப்பிடியா?"

கண்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அந்தப் பொய் அவன் நாக்கு நுனிவரை வந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவனுக்குப் பல நாள் தூக்கம் கெட்டது. ஆனால் சொல்லவில்லை.

"படம்தான்க்கா" என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். முப்பத்திரண்டு கோர், சும்மா கிடந்த முப்பத்தொன்று, வித்துப்போன பழைய சிஸ்டம், கிழக்கு ஜில்லா, மலை நாடுகள், சுண்டைக்காய்.

"எனக்குக் கண்ணு மட்டும்தான்டா போகுது" என்றாள் அக்கா.

அவன் மௌஸிலிருந்து கையை எடுத்தான்.

"எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் இருக்கு, தெரியுமா? ஒரு கோட்ட அழிக்கணும்னா மேஜைல உக்காந்து அழிக்கக்கூடாது. அந்த இடத்துக்குப் போகணும். அக்கம்பக்கத்துல யாரு இருக்கான்னு பாக்கணும், கேக்கணும். பொட்டல் காடா இருந்தாலும் போய் நின்னுட்டு வந்துதான் ரப்பரையே தொடுவோம். நீ என்கிட்டகூடக் கேக்கல."

"நீ பாக்கணும்னுதான்க்கா... இன்னும் பத்தே ஞாயிறு. பத்து ஞாயிறுல கடைசிப் படம் வந்துடும்."

"வரும். அதுல என்னத்தப் பாக்கறது? சாம்பலையா?" அவள் குரல் உடைந்தது. கண் டாக்டர் சொன்னதைச் சொன்னபோதுகூட உடையாத குரல். "நீ கொளுத்தறதுக்கு முன்னாடி உள்ள ஆட்டத்த எடுத்து வச்சிருக்கியா?"

வைத்திருந்தான். தொழில்காரன், எதையும் நகல் எடுத்து வைக்காமல் தொட மாட்டான். "இருக்கு. 1745. ஆனா அங்க போனா திரும்பவும் ஒரு வருஷத்துக்கு ஒண்ணே கால் மணி நேரத்துக்கு மேல. வாரத்துக்கு ரெண்டு வருஷம்தான். முடியாதுக்கா. உன் கண்ணு..."

"எனக்கும் கணக்குத் தெரியும். போடு அத."

அவன் போட்டான். வடக்கே கடலோரம் பச்சையாகத் திரும்ப முளைத்தது. மலை நாடுகள் வந்தன, கிழக்கு ஜில்லாக்கள் வந்தன. செத்த குடிகள் அத்தனை பேரும் ஒரு சொடுக்கில் பிழைத்தார்கள். திரும்பி வராதது அக்காவுடைய ஏழு ஞாயிற்றுக்கிழமைகள்தான். அவளுக்கு மிச்சமிருந்த பார்வையில் கால்வாசியை அவன் சாம்பலைப் பார்க்கவைத்துச் செலவழித்திருந்தான். அது புரிந்ததும் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதான். போன் ஸ்பீக்கரில் இருக்கிறது என்பதும் அவனுக்கு நினைவில்லை.

"அழுவாத" என்றாள் அக்கா. "கோவம் போகலடா எனக்கு. போறப்ப சொல்றேன். அடுத்த ஞாயிறு உன் சிஸ்டத்தத் தூக்கிட்டு இங்க வந்துடு. இனிமே கண்ணு முன்னாடிதான் விளையாடணும் நீ."

அவன் போனான். அக்கா வீட்டு முன்னறையில் இரண்டு மேஜைகளை ஒட்டிப் போட்டார்கள். பஸ் டிரைவரான மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் திரையைப் பார்த்தார். "என்ன மாப்ள, நான் ஓட்டற வண்டியே தேவல போலிருக்கே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். உலகம் தவழ்ந்தது. வாரத்துக்கு இரண்டு ஆண்டு. சில வாரம் அதுவும் இல்லை.

ஆட்டத்தில் 1766ஆம் ஆண்டு நடந்துகொண்டிருந்தபோது அக்காவுக்கு ஊர்ப் பெயர்கள் போயின. 1771இல் எல்லைக் கோடுகள் போயின. அன்று அவள் மௌஸை மெதுவாக அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நான் சொல்றத நீ செய். நீ பாக்கறத எனக்குச் சொல்லு. ஒண்ணும் விடாம சொல்லணும்."

சொல்ல ஆரம்பித்தான். இருபது வருடம் திருப்புளியோடு பேசிப் பழகியவனுக்கு முதலில் பேச்சு வரவில்லை. "கப்பல் வருது" என்பான். "எந்தக் கப்பல்? எத்தன? பாய் என்ன நிறம்?" என்பாள். மெல்ல மெல்லப் பழகிற்று. எந்த ஊரில் சந்தை கூடியது, எந்த ராஜா மகளை எங்கே கட்டிக் கொடுத்தான், எந்த எல்லை ஒரு நூலளவு தெற்கே நகர்ந்தது என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்வான். ஓர் ஆண்டில் நடந்ததையெல்லாம் ஒழுங்காகச் சொல்லி முடிக்க அவனுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆமை பிராசஸருக்கும் அதே நேரம்தான் ஆயிற்று.

மூன்று மாதம் என்று சொன்ன வேகமான சிப் ஐந்து மாதம் கழித்துக் கடைக்கு வந்தது. முதலாளி அவனைக் கூப்பிட்டு, "எடுத்துக்கோ பசை, காச மெதுவா குடு" என்றார். அக்காவிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டான்.

அக்கா யோசித்தாள். "அது வந்தா எவ்ளோ நேரம் ஆகும் ஒரு வருஷத்துக்கு?"

"அர மணி நேரம்."

"அர மணி நேரத்துல நீ எப்பிடிடா சொல்லுவ? ஏலம் விடறவன் மாதிரியா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "வேணாம்டா. கடைசிப் படத்த நான் எப்பிடியும் பாக்கப்போறதில்ல. இத எனக்கு முழுசா சொல்லு" என்றாள்.

அந்த சிப் வேறொரு வாடிக்கையாளருக்குப் போயிற்று. என்ன வேலைக்கு என்று அவரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அந்த இரண்டு மேஜைகளுக்கு முன்னால் உட்காருகிறார்கள். ஆட்டம் 1780ஐத் தாண்டவில்லை. அக்காவுக்கு வலது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம். வரைபடத்தின் நிறத்தை அந்த ஓரத்தில் பிடிக்க வேண்டுமானால் அவள் முகத்தை இடது பக்கம் திருப்ப வேண்டும். தம்பி உட்கார்ந்திருப்பது இடது பக்கம். அதனால் மூன்று மணி நேரமும் அக்காவின் முகம் அவனையே பார்த்தபடி இருக்கும், நேருக்கு நேர், இமைக்காமல். அந்தக் கண்களுக்கு நேராக இருந்தும் தெரியாதவன் தான்தான் என்பது அவனுக்குத் தெரியும். முதல் சில வாரம் அதைத் தாங்க முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டு பேசினான். இப்போது அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறான்.

போன ஞாயிறு, தெற்கே ஒரு பாலம் கட்டுவதை அவன் விவரித்துக்கொண்டிருந்தபோது மெல்லியதாக ஒரு மணி அடித்தது. அவன் பேச்சை நிறுத்தினான். வழக்கமாகக் கப்பல் எத்தனை, பாய் என்ன நிறம் என்று அவன் சொல்ல வேண்டும்.

அக்கா கையைத் தூக்கி அவனைத் தடுத்தாள்.

"இது எனக்குத் தெரியும்" என்றாள். "நீ பாலத்தச் சொல்லு."